ஒல்லாந்தர் கட்டாத அணை

பழவேற்காட்டுக்கு வரும் வெளியூர் அன்பர்கள் முதலில் கேட்பது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைத்தான். குடியிருப்பது பொன்னேரியில் என்றாலும் தாய்வழிச் சொந்தங்கள் பழவேற்காட்டில் இருப்பதால், அவர்களை அழைத்துச் சென்று காட்டும் பொறுப்பு ஆண்டுக்கு நாலைந்து முறையாவது என் தலையில் விழுந்துவிடுகிறது. வாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களை வியந்து பார்ப்பார்கள். கல்லில் வெட்டிய ஒல்லாந்த எழுத்துகளைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு, கோட்டை எங்கே என்பார்கள். 1613ஆம் ஆண்டில் எழுந்த கெல்திரியாக் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை ஓர் அகழி, ஒரு மேடு, அதன்மேல் முட்புதர். அதையும் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்து நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கும்: "கடலையே தடுத்து நிறுத்திய சாதியாயிற்றே இவர்கள். இருநூறு ஆண்டு இங்கே இருந்தும் ஏன் ஓர் அணையும் கட்டவில்லை?"

நல்ல கேள்விதான். வாய்மொழியாகப் பலமுறை சொல்லி வந்த விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒல்லாந்து நாட்டின் வடபகுதியில் பேம்ஸ்டர் என்றோர் ஏரி இருந்தது. ஏறத்தாழ 7,000 எக்டேர் பரப்பு. மூன்று மீட்டருக்கு மேல் ஆழம். ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் சிலர் கூடிப் பணம் போட்டு, அதைச் சுற்றிக் கரையெழுப்பி, காற்றாலைகளை வரிசையாக நிறுத்தி, உள்ளேயிருந்த நீரையெல்லாம் இறைத்து வெளியே கொட்டினார்கள். 1610இல் புயலில் கரை உடைந்து ஏரி மீண்டும் நிரம்பிற்று. அவர்கள் மனந்தளரவில்லை; கரையை உயர்த்தி மறுபடியும் இறைத்து, 1612இல் ஏரியைக் கழனியாக்கினார்கள். பணம் போட்டவர்களில் முதன்மையானவர் டிர்க் வான் ஓஸ். இவர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவியவர்களிலும் ஒருவர். அந்தக் கம்பெனிதான் அடுத்த ஆண்டே பழவேற்காட்டில் கோட்டையை எழுப்பிற்று. கிழக்கே மிளகிலும் துணியிலும் ஈட்டிய பொருள் மேற்கே ஏரியை வற்றச் செய்தது என்று சொன்னால் அது மிகையன்று.

ஆகவே பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் நீர்த்தடுப்பு வித்தையை அறியாதவர்கள் அல்லர். எங்கள் ஏரியோ பேம்ஸ்டரைவிட ஆழம் குறைந்தது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி என்று பெயர். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். ஆயினும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். வெறும் கணக்கை மட்டும் பார்த்தால், ஒல்லாந்தர் மனம் வைத்திருந்தால் இதையும் இறைத்து வயலாக்க முயன்றிருக்கலாம்.

அவர்கள் மனம் வைக்காததற்கு முதற்காரணம் எளியது. அவர்கள் உழ வரவில்லை, வாங்க வந்தார்கள். கோட்டை கட்டியது துணிக்காக. பழவேற்காட்டின் பின்புலத்து ஊர்களில் நெய்த கட்டங்களிட்ட துணியும் வண்ணத் துணியும் இங்கிருந்து கடல் கடந்து போயின. மலாய் நாட்டார் இன்றும் தங்கள் கட்டம் போட்ட சாரத்தைப் 'பெலெகாட்' என்கிறார்களே, அது பழவேற்காட்டின் பெயர்தான். நம்மவர் தொழுகைக்கும் உறக்கத்துக்கும் உடுத்துகிற கைலியில் எங்கள் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டு மலாக்கா வரை போய் வந்ததை எண்ணி எங்கள் முதியவர்கள் பெருமை கொள்வதுண்டு. அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே வேறொன்றையும் வைக்க வேண்டியிருக்கிறது. பஞ்ச காலங்களில் ஒரு வேளைச் சோற்றுக்காக விலைப்பட்ட ஏழை மக்களை அடிமைகளாக வாங்கி, இதே கரையிலிருந்துதான் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கல்லறைக் கற்களில் அந்தப் பெயர்கள் இல்லை.

பெரிய கப்பல்கள் ஏரிக்குள் நுழைய முடியாது. அவை வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகள் முகத்துவாரத்தைக் கடந்து சரக்கைக் கொண்டுபோய் ஏற்றும். முகத்துவாரம் திறந்திருந்தால்தான் வாணிபம். ஒல்லாந்தன் தன் ஊரில் கடலின் வாயை மூடிப் பிழைத்தான். எங்கள் ஊரில் அந்த வாய் திறந்திருந்ததால் பிழைத்தான். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1781இல் அதை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டபின் மீண்டும் பழவேற்காடே தலைமையிடமாயிற்று. 1825இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அத்தனை காலத்திலும் அவர்கள் இங்கே செய்த நீர்வேலை கோட்டையைச் சுற்றிய அகழி ஒன்றே என்று சொன்னால் வந்தவர்கள் சிரிப்பார்கள்.

இரண்டாம் காரணம் ஏரியின் இயல்பில் இருக்கிறது. எங்கள் பொன்னேரியைத் தொட்டுச் செல்லும் ஆரணியாறு தெற்கிலிருந்தும், காளங்கியாறு வடமேற்கிலிருந்தும் இதில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கிழக்கே முகத்துவாரம் வழியாக உப்புநீர் வருகிறது. இறால், கடலில் முட்டையிடும். குஞ்சு அலையோடு மிதந்துவந்து முகத்துவாரத்தில் நுழைந்து, ஏரியின் அமைதியான நீரில் தின்று வளரும். வளர்ந்ததும் கடலுக்கே திரும்பும். மடவையும் கொடுவாயும் இப்படியே போவதும் வருவதுமாக வாழ்கிற மீன்கள். ஆகவே ஏரிக்கு அந்த வாய் மூக்குத் துளை போன்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் பெருகி வந்து மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும். மழை ஓய்ந்து வெயில் ஏறினால், ஆற்றின் தள்ளுவிசை குன்றிவிடும். கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கும். ஏற்றவற்றமாவது அதை அரித்துத் தள்ளாதா என்று கேட்கலாம். ஒல்லாந்தின் தென்மேற்குக் கழிமுகங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்று மீட்டர் வேறுபாடு உண்டு. நம் சென்னைக் கடலில் அது ஒரு மீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. அந்தச் சிறு மூச்சு மணலை ஊதித் தள்ளப் போதாது. வாய் அடைபட்டால் ஏரி கோடையில் கடலைவிட உப்பாகும்; இறால் வராது; மழைக்காலத்தில் வெள்ளம் வடியாமல் குப்பங்களுக்குள் புகும். அப்போது மீனவ ஊர்கள் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, மண்வெட்டியும் கூடையுமாகப் போய் மணலை வெட்டித் திறந்து விடுவது வழக்கம்.

ஒருமுறை கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஒல்லாந்து நாட்டுச் செய்தியைச் சொன்னேன். அங்கே ஒரு கடலையே அணை போட்டு மூடி, உள்ளே ஊரும் வயலும் அமைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூடிட்டா இறால் குஞ்சு எந்த வழியா உள்ள வரும் பாய்?"

"வராதுதான்."

"அப்ப அந்த ஊரு மீன்காரன் என்னா பண்ணான்?"

நான் படித்திருந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது அந்த நாட்டு வரலாற்றின் நடு முடிச்சை என்பதை அவர் அறிய நியாயமில்லை.

ஒல்லாந்தின் நடுவே ஸாய்டர்சே என்னும் ஆழமற்ற கடல் உள்நாட்டுக்குள் நீண்டு கிடந்தது. அதன் வாயைக் குறுக்கே மறித்து 32 கிலோமீட்டர் நீள அணையைக் கட்டி 1932இல் மூடினார்கள். உப்புக்கடல் நன்னீர் ஏரியாயிற்று. பிறகு அதற்குள்ளேயே பகுதி பகுதியாகக் கரையிட்டு இறைத்து நிலம் எடுத்தார்கள். மாபெரும் வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடலில் ஹெர்ரிங் மீனும் நெத்திலி இனத்து மீனும் பிடித்து வாழ்ந்த ஊர்கள் பல. அவர்கள் தொழில் அழியும் என்று தெரிந்தே, அணை முடிவதற்கு முன்பே 1925இல் அவர்களுக்கு உதவித்தொகை வழங்கச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். சிலர் நன்னீர் விலாங்குக்கு மாறினர். பலர் தொழிலையே விட்டனர். இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அணையைத் தொடங்குமுன், மூடினால் வெளியே கடல் எவ்வளவு உயரும் என்று கணக்கிட ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் லோரென்ட்ஸ். 1918 முதல் 1926 வரை எட்டாண்டுகள் அந்தக் கணக்கிலேயே செலவாயின. ஒரு வாயை மூடினால் அடுத்த ஊரில் நீர் உயரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதற்கேற்ப வெளிக்கரைகளையும் உயர்த்தினார்கள். கல்லைவிட அந்த எட்டாண்டுக் கணக்குதான் எனக்கு வியப்பளிப்பது.

பிறகு 1953 வந்தது. சனவரி 31ஆம் நாள் இரவு வடகடலில் எழுந்த புயலில் தென்மேற்குக் கரைகள் உடைந்து, ஒல்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டனர். கடலுக்குத் தாழ்வான நிலத்தில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அப்படிப்பட்ட இழவுக்குப் பின், பெரும்பாலான கழிமுகங்களை அடைத்துவிடுவது என்று அந்த நாடு முடிவு செய்ததை யார் குறை கூற முடியும்? ஒவ்வொன்றாக அடைத்து வந்தார்கள். கடைசியாக ஓஸ்டர்ஸ்கெல்ட என்னும் பெரிய கழிமுகத்தின் முறை வந்தபோது, இயர்செக்கே போன்ற ஊர்களில் சிப்பி வளர்ப்போரும் மீனவரும் எழுந்து நின்றனர். இயற்கையை நேசிப்போர் உடன் சேர்ந்தனர். எங்கள் வலைக்காரப் பெரியவர் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். புயலில் உறவினரைப் பறிகொடுத்தவர்களோ அணையை உடனே முடியுங்கள் என்று மன்றாடினார்கள். இரு பக்கமும் உயிர் பற்றிய வழக்கு. நடந்துகொண்டிருந்த வேலையை 1974இல் நிறுத்தி, மறுபடியும் யோசித்தார்கள். விளைவாக 1986இல் திறக்கப்பட்டது மூடிய அணையன்று. 62 எஃகுக் கதவுகள் தொங்கும் தடுப்பு. வழக்கமாகக் கதவுகள் மேலே நிற்கும், கடல் போய்வரும். புயல் நீர் மூன்று மீட்டர் உயரும் என்று கண்டால் மட்டும் கீழே இறங்கும்.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. கதவுகளைத் தாங்கும் தூண்கள் நீரோட்டத்தைச் சற்றே குறைத்துவிட்டன. ஓட்டம் குறைந்ததால், உள்ளேயிருக்கும் மணல் திட்டுகளுக்கு மணல் திரும்பி வந்து சேரவில்லை. புயல் அரித்ததை வாய்க்கால்கள் விழுங்கிக்கொண்டன. பறவைகள் இரை தேடும் திட்டுகள் ஆண்டுதோறும் கரைகின்றன. இதற்கு அந்நாட்டார் 'ஸாண்ட்ஹோங்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேர்ப்பொருள் மணற்பசி.

மணற்பசி என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு எண்ணூர்க் கரை நினைவுக்கு வந்தது.

நம் கிழக்குக் கரையோரம் மணல் ஓர் ஆறு போல ஓடிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை அதை வடக்கே தள்ளும்; வடகிழக்குக் காற்றில் தெற்கே தள்ளும்; ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் வடக்கே போனதே மிகுதி. இந்த ஓட்டத்தின் குறுக்கே முதலில் நின்ற பெரிய கல், 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகம். அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினாவாக விரிந்தது. மாலையில் காற்று வாங்கப் போகும் சென்னைவாசி தன் காலடி மணலில் பெரும்பங்கு துறைமுகம் மறித்து வைத்த மணல் என்பதை நினைப்பதில்லை. அந்த மணல் போய்ச் சேர வேண்டிய இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் தெருவைத் தின்றது. அங்கே கற்களைக் கொட்டினார்கள். அதற்கும் வடக்கே கடல் அரித்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. அடுத்த பத்தாண்டில் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அவற்றின் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு வடக்கே கரை தேய்ந்து வருவதை ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். அந்தத் தேய்வின் அடுத்த ஊர்தான் பழவேற்காடு. கடலுக்கும் ஏரிக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டு மெலிந்து அறுந்தால், முகத்துவாரம் எது, கடல் எது என்ற பேச்சே எழாது.

ஏரிக்குள்ளேயே ஓர் அணை போல ஒன்று நிற்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கட்டியவர்கள் ஒல்லாந்தர் அல்லர், நாம்தான். ஸ்ரீஹரிகோட்டா 1969இல் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின், சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே மண்சாலை உயர்ந்தது. நீர் போய்வரப் பாலங்கள் வைத்துத்தான் கட்டினார்கள். இருப்பினும் வடபகுதிக்கு நீர் போய்வருவது குறைந்துவிட்டதென்று ஏரியை ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விண்கலம் ஏறும்போது எங்கள் வீட்டு மொட்டைமாடியில் குழந்தைகள் கைதட்டுகிறார்கள்; நானும் தட்டியிருக்கிறேன். அந்தச் சாலை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. அணை என்று பெயர் வைக்காமலே நாம் அணை கட்டிவிடுகிறோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க, அதன் இருபுறமும் நேர்கல் சுவர் அமைக்கும் வேலையைத் தமிழ்நாடு மீன்வளத்துறை இந்தப் பத்தாண்டில் கையிலெடுத்தது. மீனவர் பல ஆண்டுகளாகக் கேட்டது அது. மண்வெட்டியோடு போராடிச் சலித்தவர்களுக்கு அது நிம்மதி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கல் மணலைப் படைப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. ஓரிடத்தில் நிறுத்தி, அடுத்த இடத்தைப் பட்டினி போடும். அதனால்தான் கல்லுக்குப் பேர்போன ஒல்லாந்தரே இப்போது தங்கள் வெளிக்கரையில் மணலை வார்க்கிறார்கள். 2011இல் தெர் ஹெய்டே என்ற ஊருக்கருகே 2 கோடியே 15 இலட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையே அதை வடக்கும் தெற்குமாகப் பரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

அளப்பவர் யார் என்பதில்தான் அவர்களுடைய உண்மையான பலம் இருக்கிறது. வாட்டர்ஸ்கப் எனப்படும் நீர்ச்சபைகள் அந்நாட்டில் அரசுக்கும் மூத்தவை. ரைன்லாந்து நீர்ச்சபை 1255ஆம் ஆண்டிலேயே ஆவணங்களில் காணப்படுகிறது. கரையால் பயன் பெறுவோர் வரி கொடுப்பர், தேர்தலில் வாக்களிப்பர், கரையில் எலி வளை தோண்டினாலும் கேள்வி கேட்பர். நம் குடிமராமத்து நினைவுக்கு வருகிறதல்லவா? பழவேற்காட்டில் இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு, அதுதான் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களை எவரும் தனக்கென வளைத்துக்கொள்ள முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்து, தலைக்கட்டு எண்ணி, சீட்டுப் போட்டு, இன்று யார் எங்கே வலை கட்டுவது என்று தீர்மானிக்கும். பாட்டை முழு நீதி என்று நான் சொல்லத் துணியேன். அதற்கு வெளியே நிற்கும் ஏழைகள் உண்டு. சேற்றில் அமர்ந்து கையால் இறால் தடவும் இருளர் மக்களுக்கு அதில் இடமில்லை. எங்கள் சமுதாயத்தாரும் வணிகர்களாகவே கரையில் நின்றவர்கள். பாட்டில் பங்குடையவர்கள் அல்லர். ஆயினும் தண்ணீரைப் பற்றித் தாங்களே கூடி முடிவெடுத்து, முடிவுக்குக் கட்டுப்படும் பழக்கம் அங்கே உயிரோடு இருக்கிறது. மணலைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில்தான் அந்தப் பழக்கத்துக்கு இதுவரை நாற்காலி போடப்படவில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. பேம்ஸ்டரின் நினைவு வராமல் போகுமா? அதன்மீதான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 சனவரியில் ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரிலும் ஒத்திவைக்கப்பட்டது. இனி அப்படியொரு கூட்டம் எந்தத் திட்டத்துக்காகக் கூடினாலும், மேடையில் உணர்ச்சியோடு பேசுவதற்குமுன் சுற்றுச்சூழல் அறிக்கையில் மணல் பற்றிய பக்கங்களைப் புரட்டுமாறு எங்கள் ஜமாஅத் இளைஞர்களிடமும் குப்பத்துப் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் மணல் வடக்கே போகிறது, அந்த அளவை எந்தெந்த மாதங்களில் எடுத்தார்கள், சுவருக்குத் தெற்கே தேங்குவதை வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் செலவில் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகச் சொன்னேன். இரண்டு பையன்கள் அதற்குள்ளாகவே ஒரு கழியில் அளவுக்கோடு கீறி, கலங்கரை விளக்கத்தருகே கரையில் நட்டுவைத்து, ஒவ்வொரு அமாவாசைக்கும் போய்க் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.